யாருடைய இடது

முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுத்தேன். 1991ல் வேலைக்குச் சேர்ந்து 2022ல் ஓய்வு பெற்றேன். எத்தனை பிலிம் எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் பேசியதில்லை, மனைவியிடம்கூட. 1994ல், ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு வாரத்தில் எடுத்த நெஞ்சுப் படம் அது. அதில் நான் செய்தது இரண்டு தப்பு. முதலாவது அறியாமையால் வந்தது. இரண்டாவதை அறிந்தே செய்தேன்.

முதல் தப்பின் வேர் நான் படித்த விதத்தில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன் நான். எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்த முதல் வாரமே உடற்கூறு வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஓர் ஆளை வரைந்தார். நிமிர்ந்து நிற்கிறான், முகம் நேரே, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்க்கின்றன. “இதுதான் அனடாமிகல் பொசிஷன். நோயாளி மல்லாந்து படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும், நீ பேசும்போது அவர் இப்படி நிற்கிறார்னு வச்சுத்தான் பேசணும். இடதுன்னா அவரோட இடது. உன்னோடது இல்லை” என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். கீழே இரண்டு முறை கோடும் போட்டேன்.

பிறகு சொற்கள் வந்தன. ஆன்டீரியர் என்றால் முன்பக்கம், போஸ்டீரியர் பின்பக்கம். சுப்பீரியர் மேலே, இன்ஃபீரியர் கீழே. உடம்பின் நடுக்கோட்டை ஒட்டினால் மீடியல், விலகினால் லேட்டரல். தோளுக்குக் கிட்டே இருப்பது பிராக்ஸிமல், விரல் பக்கம் போகப்போக டிஸ்டல். வயது வந்தவருக்கு 206 எலும்பு. மணிக்கட்டில் மட்டும் ஒரு கைக்கு எட்டு. பதினாறாம் வாய்ப்பாட்டை எப்படி மனப்பாடம் செய்தேனோ அப்படியே இதையும் செய்தேன். காலையில் குளத்தங்கரையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். தேர்வில் உடற்கூறில் வகுப்பிலேயே நான்தான் முதல் மதிப்பெண். ஆசிரியர் என் விடைத்தாளை மற்றவர்களுக்குக் காட்டினார்.

ஆனால் அந்தக் கரும்பலகை ஆளின் உள்ளங்கை ஏன் முன்னால் பார்க்கிறது என்று நான் கேட்கவில்லை. சும்மா நிற்கும் எந்த மனிதனும் அப்படி நிற்பதில்லையே. உள்ளங்கை தொடையைப் பார்க்கத்தான் நிற்போம். பல வருடம் கழித்து, முன்கைப் படம் எடுக்க ஒரு பையனின் கையை மேசைமேல் வைத்தபோதுதான் புரிந்தது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தால் முன்கையின் இரண்டு எலும்புகளும் தண்டவாளம் போலப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் குறுக்கே ஏறிவிடும். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சொல்லவே முடியாது. அந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் கைகளை அப்படித் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். என் சொந்தக் கையைத் திருப்பிப் பார்த்திருந்தாலே முதல் வாரத்தில் விளங்கியிருக்கும். நான் நோட்டைத்தான் திருப்பினேன்.

இன்னொன்று. எங்கள் புத்தகத்தில் உடம்பு மண்டலம் மண்டலமாகப் பிரிந்திருந்தது. செல், திசு, உறுப்பு, மண்டலம் என்று முதல் பாடம். அப்புறம் எலும்பு மண்டலம், சுவாச மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம். இதயம் ஒரு பாடத்தில் இருந்தது, நுரையீரல் வேறொரு பாடத்தில். இரண்டுக்கும் நடுவே நாற்பது பக்கம். நெஞ்சுக் கூட்டுக்குள் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன என்பது படத்தில் இருக்கத்தான் செய்தது. என் மனதில் அவை தனித்தனிப் பாடங்களாகவே இருந்தன. இதயத்தின் மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் என்று படித்தேன். அது ஆணி அடித்து வைத்ததல்ல, இரண்டு நுரையீரல்களும் இரு பக்கமும் இருந்து தாங்குவதால்தான் அங்கே நிற்கிறது, ஒரு பக்கம் கனம் கூடினால் மறுபக்கம் நகர்ந்துவிடும் என்பதை நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அது எனக்குள் போகவில்லை.

அந்த மழை வாரத்துக்கு வருகிறேன்.

ராத்திரி எட்டு மணி இருக்கும். கைத்தறி நெய்கிறவர், ஐம்பதை ஒட்டிய வயது. மனைவி தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினார். சீட்டில் ‘செஸ்ட் பி.ஏ.’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதாவது பிலிம் வைத்த கேசட்டை நெஞ்சு தொடும்படி நிற்க வேண்டும், கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும். மோவாயைத் தூக்கி வைத்து, தோள்களை முன்னே தள்ளி, “நல்லா மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றேன்.

“மூச்சு இழுத்தா பீச்சாங்கைப் பக்கம் கல்லு வச்ச மாதிரி இருக்கு சார்.”

சொன்னார். தெளிவாகச் சொன்னார். இன்றைக்கும் அந்தக் குரல் கேட்கிறது. அன்றைக்கு அது என் காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. மூச்சைப் பிடிக்க முடியாதவர் அசைந்து படம் கலங்கிவிடுமோ என்பதுதான் என் கவலை.

கேசட்டின் ஓரத்தில் ஈய எழுத்து ஒன்று ஒட்ட வேண்டும். வலப்பக்கம் என்றால் ‘ஆர்’, இடப்பக்கம் என்றால் ‘எல்’. ஈயம் கதிரைத் தடுப்பதால் பிலிமிலேயே அந்த எழுத்து வெள்ளையாக விழுந்துவிடும். பிறகு யாரும் மாற்ற முடியாது. எங்களிடம் இருந்த ‘ஆர்’ இரண்டு மாதத்துக்கு முன்பே தொலைந்துவிட்டது. கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன், வரவில்லை. ‘எல்’ மேசை டிராயரில் இருந்தது. அதை எடுத்து ஒட்ட அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் ஒட்டவில்லை. இரண்டு மாதமாக ஒட்டுவதை விட்டிருந்தேன். காய்ந்த பிலிமில் வெள்ளை மையால் எழுதிவிடுவதே வழக்கமாகிவிட்டது. நெஞ்சுப் படம்தானே, இதயம் இருக்கிற பக்கம் இடது, இதற்கு எழுத்து எதற்கு என்று நினைத்தேன்.

டார்க் ரூமில் சிவப்பு விளக்கின் கீழ் பிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பர், தண்ணீர், ஃபிக்சர் என்று முக்கி எடுத்தேன். நாங்கள் பயன்படுத்திய பிலிமில் இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு இருக்கும். எந்தப் பக்கமாகப் பிடித்தாலும் படம் ஒன்றுபோலவே தெரியும். முன் எது, பின் எது என்று பிலிம் சொல்லாது.

விளக்குப் பெட்டியில் வைத்தேன். ஒரு பாதி முழுக்க வெள்ளை. நுரையீரல் உறைக்குள் நீர் நிறைந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. முதுகெலும்பின் மறுபக்கமாக இதயத்தின் வளைவு புடைத்துக்கொண்டு தெரிந்தது. நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோலத்தான் பிலிமை மாட்ட வேண்டும். அவருடைய இடது நம் வலப்பக்கம் வரும். இதய வளைவு என் வலப்பக்கம் வருமாறு பிலிமைத் திருப்பினேன். இயல்பான நெஞ்சு போல அழகாகப் பொருந்தியது. வெள்ளைப் பாதி இப்போது என் இடப்பக்கம், அப்படியென்றால் அவருடைய வலது. மேல் மூலையில் வெள்ளை மையால் ‘ஆர்’ என்று எழுதினேன்.

உண்மையில் நீர் நிறைந்திருந்தது இடப்பக்கம். அந்த நீர்தான் இதயத்தை வலப்பக்கம் தள்ளியிருந்தது. நான் பிலிமைத் திருப்பியதும் நோயும் பக்கம் மாறிவிட்டது, இதயமும் பக்கம் மாறிவிட்டது. பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராத ஒரு பொய்ப்படம் உண்டானது. இடப்பக்கம் உதரவிதானத்துக்குக் கீழே வயிற்றுக் காற்று ஒரு கருப்புக் குமிழாகத் தெரியும். அதை வைத்தாவது கண்டுபிடித்திருக்கலாம். அன்றைய படத்தில் அந்த இடமே வெள்ளையில் மூழ்கியிருந்தது. இதயம் இடது என்ற ஒரே பாடம்தான் எனக்குத் துணையாக இருந்தது. அதை நம்பித்தான் எழுதினேன்.

வார்டில் அன்று இரவுப் பணியில் ஒரு ஹவுஸ் சர்ஜன். என்னைவிடச் சின்னவர், பணிவான பையன், எக்ஸ்ரே அறைக்கு வந்தால் “அண்ணே” என்றுதான் கூப்பிடுவார். நோயாளி மூச்சுக்குத் திணறுகிறார், நீரை எடுத்தால் தணியும். நாற்காலியில் முன்னால் சாய்த்து உட்கார வைத்து, பிலிமைப் பார்த்து, முதுகின் வலப்பக்கம் விலா இடைவெளியில் ஊசி போட்டார். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி இரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுவதால் ஊசியை அடுத்த எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி இறக்க வேண்டும். அதை அவர் சரியாகத்தான் செய்தார். ஆனால் நீர் வரவில்லை. காற்று வந்தது. அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல நுரையீரலில் ஊசி ஏறியிருந்தது.

நடமாடும் எக்ஸ்ரே மெஷினை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வரச்சொல்லி ஆள் வந்தது. நான் போனபோது சீஃப் டாக்டர் வீட்டிலிருந்து வந்துவிட்டிருந்தார். வலது விலாவில் குழாய் போட்டாகிவிட்டது. கட்டிலடியில் தண்ணீர் பாட்டிலில் காற்று குமிழ் குமிழாக வெளியேறிக்கொண்டிருந்தது. நோயாளியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சீஃப் நோயாளியின் முதுகில் விரலை வைத்துத் தட்டிக் காட்டினார். வலப்பக்கம் வெறும் பானையைத் தட்டியதுபோல ஒலித்தது. இடப்பக்கம் சுவரைத் தட்டியதுபோல இருந்தது. ஹவுஸ் சர்ஜனின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

இந்த முறை டிராயரிலிருந்து ‘எல்’ எழுத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஒட்டி எடுத்தேன். கிளம்பும்போது சிஸ்டர் பழைய பிலிமையும் கையில் கொடுத்தார். “ரெண்டையும் சேர்த்துக் கொண்டு வாங்க, சீஃப் பார்க்கணுமாம்.”

புதுப் பிலிம் ஃபிக்சரிலிருந்து வெளியே வந்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. ‘எல்’ எழுத்துக்குக் கீழே வெள்ளை. பழைய பிலிமைப் பக்கத்தில் வைத்தேன். என் கையெழுத்தில் ‘ஆர்’, அதன் கீழே வெள்ளை.

இங்கேதான் இரண்டாவது தப்பு. மேசையில் ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. பஞ்சை நனைத்து அந்த எழுத்தை இரண்டு முறை துடைத்தேன். போகவில்லை. மூன்றாம் முறை அழுத்தித் துடைத்தேன். போய்விட்டது. வேறு எதையும் தொடவில்லை, நோயாளியின் எண் அப்படியே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வார்டில் விளக்குப் பெட்டியில் இரண்டு பிலிம்களும் மாட்டப்பட்டன. “பழைய பிலிம்ல சைடு மார்க் இல்லையே, ஏன்?” என்று சீஃப் என்னைக் கேட்டார்.

“ஆர் எழுத்து தொலைஞ்சு போச்சு சார். இண்டென்ட் போட்டு ரெண்டு மாசமாச்சு.”

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொன்ன நோக்கம் முழுப் பொய்.

“சார், எழுத்து இருந்தது சார். ‘ஆர்’னு எழுதியிருந்தது” என்றார் ஹவுஸ் சர்ஜன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சண்டைக்கு அல்ல, உதவிக்கு. அண்ணன் சொல்வார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன்.

“மார்க் இல்லாத பிலிமை நம்பி, தட்டிக்கூடப் பார்க்காம ஊசி போட்டுட்டு, இப்ப எழுத்து இருந்ததுன்னு வேற சொல்றியா?” என்றார் சீஃப். எல்லார் முன்னாலும் சொன்னார், சிஸ்டர்கள், வார்டு ஆட்கள், நோயாளியின் மனைவி உட்பட. தட்டிப் பார்க்காமல் ஊசி போட்டது அவர் பிழை, அதை அவரே மறுக்கவில்லை. பொய் சொன்னார் என்ற பழி மட்டும் அவருடையதல்ல. அதை நான் அவர் மேல் வைத்தேன். விசாரணைக் குறிப்பில் அவர் பெயர் ஏறியது. அதற்குப் பிறகு எக்ஸ்ரே அறைக்கு அவர் வருவதில்லை. பிலிம் வாங்க வார்டு ஆளைத்தான் அனுப்புவார்.

நெசவாளர் பிழைத்துக்கொண்டார். இடப்பக்கத்தில் இருந்து வைக்கோல் நிறத்தில் நீர் எடுத்தார்கள். டிபி என்று தெரிந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். மறுபரிசோதனைக்கு வந்தபோது நான்தான் படம் எடுத்தேன். “இடது வலியெல்லாம் போயிருச்சு சார். சோத்தாங்கைப் பக்கம் ஊசி போட்ட இடம்தான் குளிர் நாள்ல சுருக்குன்னு இழுக்குது” என்றார். “அன்னைக்கு அந்தப் பக்கம் குத்தினப்போ ஏன் நீங்க சொல்லலை?” என்று கேட்டேன். “டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் உடற்கூறைப் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலச் சொற்களால்தான் அப்படி ஆனது, தமிழில் சொல்லிக் கொடுத்திருந்தால் புரிந்திருக்கும் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றைத் தமிழில் நூலாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார் என்று தெரிந்தபோது அந்த ஏக்கம் இன்னும் கூடியது. ஆனால் அந்தச் சாக்கு எனக்குச் செல்லாது. ‘இடது’ தமிழ்ச் சொல்தான். பீச்சாங்கை என்று அந்த மனிதர் சொன்னதும் தமிழ்தான். தமிழில் படித்திருந்தாலும் நான் வாய்ப்பாடாகத்தான் படித்திருப்பேன்.

கிரேயின் உடற்கூறு நூல் 1858ல் வந்தது. அதன் படங்களை வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் பிறகு பம்பாய்க்கு வந்து பல வருடம் இங்கேயே வேலை பார்த்தவர். அச்சில் படம் சரியான பக்கம் விழவேண்டும் என்பதற்காக மரக்கட்டைகளில் அவர் எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றி வரைந்தார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு நரம்பையும் தசையையும் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றி வரைந்த அந்த மனிதர் ஒவ்வொரு கோட்டிலும் யாருடைய இடது என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஒரே ஓர் எழுத்து. அதற்குக்கூட நான் கேட்கவில்லை. 1895ல் உடற்கூற்றாளர்கள் பாஸல் நகரத்தில் கூடி, ஒரே உறுப்புக்குப் பல பெயர் இருந்த குழப்பத்தைத் தீர்த்துப் பொதுப் பெயர்ப் பட்டியலை ஏற்றார்கள். அதே 1895 நவம்பரில்தான் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். என் தொழிலின் இரண்டு கால்களும் ஒரே வருடத்தில் ஊன்றப்பட்டவை. இதெல்லாம் தெரிந்துகொண்டது நெசவாளரின் விலாவில் ஊசி இறங்கிய பிறகு.

வேலையில் இருந்த கடைசிப் பத்து வருடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தைத் திறக்க விடமாட்டேன். இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவரை நிறுத்துவேன். “அவர் இடது எது?” இருவருக்கும் ஒரே பக்கம். பிறகு எதிரெதிரே நிறுத்துவேன். “இப்போ?” கை தடுமாறும். அந்தத் தடுமாற்றம் எல்லாருக்கும் வர வேண்டும் என்று காத்திருப்பேன். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு என்று சொன்னால் ஏன் இரண்டு என்று அவர்களே கேட்கும்வரை அடுத்ததற்குப் போகமாட்டேன். இதயம் அந்தப் பக்கம் இடம் எடுத்துக்கொள்கிறது, அதுவும் நுரையீரலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பேன். இப்போது எல்லாம் டிஜிட்டல். கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் நெஞ்சு இடம்வலம் மாறும். பக்க எழுத்தைப் பிறகு திரையிலேயே போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் அப்படித்தான் செய்யப் பார்த்தார்கள். நான் விடவில்லை. ஈய எழுத்தை ஒட்டு, ஒட்டும் முன் நோயாளியிடம் “உங்க சோத்துக்கையைத் தூக்கிக் காட்டுங்க” என்று கேள், அவர் காட்டுகிற கையைத் தொட்டுப் பார் என்பேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு பெண் கேட்டாள். பழக்கம் என்று சொன்னேன். அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்து மேல்படிப்புக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. இப்போது அவருக்கும் தலை நரைத்திருக்கும். எப்போதாவது அந்த இரவை நினைத்து, தான் பார்த்தது நிஜமா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கலாம். இது அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுத்து இருந்தது, டாக்டர். ‘ஆர்’ என்றுதான் இருந்தது. நீங்கள் பார்த்தது சரி.